ஈட்டிப் பலகையும் வெள்ளைப் பலகையும்

கொச்சியில் எங்கள் கானமேளா என்கிற மெல்லிசைக் குழுவில் எழுபதுகளில் லீட் கிட்டார் நான்தான். பாட்டு தொடங்குமுன் வருகிற வாசிப்பும், சரணத்துக்கு நடுவே தனியாக வருகிற வாசிப்பும் என்னுடையவை. பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து தாளத்துக்குக் கம்பியைத் தட்டிக்கொண்டிருப்பார். அது ரிதம். ஜனங்கள் ரிதம்காரரைப் பார்க்க மாட்டார்கள், லீட்காரனுடைய விரலைத்தான் பார்ப்பார்கள். ஐந்து வருஷம் என் விரலைப் பார்த்தார்கள். அந்த இடம் கையை விட்டுப் போன விதத்தை நான் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. யாரும் பிடுங்கிக்கொள்ளவில்லை, அதுதான் சங்கடம்.

எனக்குப் பகல் வேலை மர பாலிஷ். எட்டாம் கிளாஸோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு மட்டாஞ்சேரியில் ஒரு ஃபர்னிச்சர் பட்டறையில் சேர்ந்தவன். அரக்கை ஸ்பிரிட்டில் ஊறப்போட்டு, பஞ்சைத் துணியில் பொதிந்து, கட்டில் தலைப்பலகையிலும் அலமாரிக் கதவிலும் வட்டம் வட்டமாகத் தேய்ப்பேன். ஞாயிற்றுக்கிழமை ரிகர்சல். பஜார் ரோட்டில் ஒரு சுக்கு குடோனின் மாடியை எங்களுக்கு விட்டிருந்தார்கள். பாடுகிறவர்கள் பாதிப் பாட்டில் தும்முவார்கள். ஆர்மோனியம் வாசிப்பவர்தான் குழுவை நடத்தினார். மலையாளி. மாஷ் என்று கூப்பிடுவோம். யார் எதை வாசிப்பது என்று அவர் சொன்னால் சொன்னதுதான்.

என் கிட்டார் கல்கத்தாவில் செய்தது. சர்ச் கொயரில் வாசித்த ஒருவர் பம்பாய்க்குப் போகும்போது விட்டுப்போனது. அதன் கழுத்தில் விரல் ஓடுகிற பலகை ஏதோ சாதா மரம், மேலே கறுப்புச் சாயம். வியர்வை பட்டால் இடதுகை விரல் நுனியெல்லாம் கறுத்துவிடும். "ஓட்டுப் போட்டுட்டு வர்றீங்களா?" என்பாள் என் மனைவி. பொறுக்க முடியாமல் ஒரு மழைக்காலத்தில் அந்தப் பலகையைச் சூடு காட்டிப் பெயர்த்தேன். பட்டறையில் ஒரு கட்டிலுக்கு அறுத்தது போக மிஞ்சிய ஈட்டி மரத் துண்டு, ரோஸ்வுட் என்பார்களே அது, கிடந்தது. அதை இழைத்து ஒட்டினேன். சுரத்துக்குச் சுரம் பலகையில் குறுக்கே பதிக்கிற ஃபிரெட் கம்பிகள் எங்கெங்கே வரவேண்டும் என்று பழைய பலகை மேல் மெல்லிய காகிதம் வைத்து அச்செடுத்தேன். ஒரு மயிரிழை தப்பினாலும் சுருதி தப்பும். எட்டு நாள் சரியாகத் தூங்கவில்லை. அப்படியும் ஏழாவது ஃபிரெட் கொஞ்சம் தள்ளிப்போய்விட்டது. யாருக்கும் கேட்கவில்லை, எனக்குக் கேட்டது. அந்த இடம் வரும் பாட்டுகளில் முன்கூட்டியே உஷாராகிவிடுவேன். விரலை வேறு கம்பிக்குத் தாவவிட்டுத் தப்பித்துக்கொள்வேன்.

மற்றபடி நல்ல சத்தம். ஈட்டி, எண்ணெயைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிற மரம். அதற்கு மேல்பூச்சு வேண்டாம். பொடிப்பொடித் துளை இருக்கும், வியர்வையைக் குடித்துக்கொள்ளும், விரலுக்கு ஒரு பிடி கிடைக்கும். எங்கள் பாஸ் கிட்டார்காரரிடம் இருந்த பழைய கிட்டாரில் கருங்காலிப் பலகை இருந்தது. கல்லைத் தொடுகிற மாதிரி. சத்தம் படு சுத்தம், ஆனால் ஒட்டுதல் கிடையாது. என் ஈட்டிப் பலகைதான் கொச்சியிலேயே நல்ல பலகை என்று நினைத்திருந்தேன். அவன் வரும்வரை.

அவன் இடக்கொச்சிக்காரன். ஒரு செம்மீன் கம்பெனியின் ஐஸ் பிளான்டில் வேலை. என்னைவிட நாலு வயசு இளையவன். பழைய ரிதம்காரருக்கு கல்ஃபில் விசா கிடைத்துப் போனதும் மாஷ் அவனைக் கூட்டிவந்தார். கிட்டாரைச் சைக்கிள் கேரியரில், பழைய பெட்ஷீட்டில் சுற்றி, கயிறு போட்டுக் கட்டிக் கொண்டுவந்தான். பெட்ஷீட்டைப் பிரித்தபோது எல்லோரும் கிட்ட வந்து நின்றோம்.

கப்பலில் வேலை செய்கிற அவன் அண்ணன் ஜப்பானிலிருந்து கொண்டுவந்தது. இரட்டைக் கொம்பு, ஒல்லி உடம்பு, கம்பியின் அதிர்வைப் பிடிக்கிற ஒல்லிக் காயில் மூன்று. என்னுடையது ஒற்றைக் கொம்பு, தடித்த உடம்பு, தடித்த காயில் இரண்டு. அரை மணி தோளில் மாட்டினால் கழுத்து பிடிக்கும். என் கம்பிகள் நீளம் குறைச்சல், தளர்ச்சியாக இருக்கும், தள்ளினால் வளைந்து கொடுக்கும். அவனுடைய கம்பிகள் இழுத்துக் கட்டின கொடி மாதிரி விறைப்பு. ட்யூப்லைட் பக்கம் போனால் அவன் கிட்டார் வண்டு மாதிரி இரையும். ஆனால் தொட்ட மாத்திரத்தில் சத்தம் முன்னால் வந்து நிற்கும். என்னுடையது அடித்தொண்டையில் பேசும், வருவதற்கு ஒரு கணம் எடுத்துக்கொள்ளும்.

நான் பார்த்தது இதையெல்லாம் அல்ல, பலகையை. வெள்ளைப் பலகை. வெள்ளை என்றால் கடைந்த வெண்ணெய் கொஞ்சம் மஞ்சளித்த மாதிரி. கழுத்தும் பலகையும் ஒரே மரம். மேலே கண்ணாடி போல லாக்கர். என்ன மரம் என்று கேட்டேன்.

"மேப்பிளாம் சேட்டா. அண்ணன் சொன்னான்."

வெள்ளை மரம் என்றால் எனக்குத் தெரிந்தது பாலை மரம். பேக்கிங் பெட்டி அடிக்கிற மரம். அப்படித்தான் இருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டு நகத்தால் அழுத்திப் பார்த்தேன். நகம் இறங்கவில்லை.

அவன் ரிதம்தான் வாசித்தான். வெறும் தட்டல்தான். ஆனால் மூன்றாம் ஞாயிற்றுக்கிழமையே பாடுகிற அம்மா மாஷிடம் சொன்னார், "இவன் வாசிச்சா எனக்குப் பாட வருது." எனக்குப் பின்னால் நின்றுதான் சொன்னார். ஐந்து வருஷம் என்னோடு பாடியவர்.

அன்றிலிருந்து எனக்கு அந்தப் பலகை நினைப்புதான். ஒரு கிட்டாரின் சத்தத்தில் எவ்வளவு மரத்தால், எவ்வளவு காயிலால் என்று கேட்டால் எனக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. ஆனால் பொறாமைக்கு உட்கார ஒரு இடம் வேண்டுமே. எனக்குத் தெரிந்தது மரம். அதனால் மரத்தில் போய் உட்கார்ந்தது. அவன் சாயா குடிக்கக் கீழே இறங்கும்போதெல்லாம் அந்த வெள்ளையில் ஒரு விரலை மேலிருந்து கீழ்வரை ஓட்டிப் பார்ப்பேன். பீங்கான் தட்டில் ஓடுவது போல் ஓடும். எந்த இடத்திலும் மரம் விரலைப் பிடிக்காது. இவ்வளவு வழுவழுப்பு எனக்கு இருந்தால் நானும்தான் பறப்பேன் என்று தோன்றும்.

அவனுக்கோ அதன்மேல் ஒரு அக்கறையும் கிடையாது. சுவரில் சாய்ப்பான், விழும், எடுத்துத் துடைத்துக்கொள்வான். அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்காது.

ஈஸ்டர் முடிந்து கல்யாண சீசன் வந்தது. ஒரு ஞாயிறு மாஷ் சொன்னார்: "கடைசி கல்யாணத்துல லீட் நீ ரெண்டு பாட்டு, அவன் ரெண்டு பாட்டு. ஓணத்துக்கு யாரை உக்கார வைக்கறதுன்னு அதுக்கப்புறம் பாக்கலாம்."

"நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா மாஷே?"

"எடோ, தப்பு பண்ணாத்தான் கேக்கணுமா? காது இருக்குல்ல, கேட்டுப் பாக்கறேன்."

அந்தக் கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது அவன் சைக்கிளில் என் வீட்டுக்கு வந்தான். கேரியரில் அதே பெட்ஷீட் மூட்டை.

"சேட்டா, நீங்க பாலிஷ்காரர்தானே. இதைக் கொஞ்சம் பாருங்க."

வெள்ளைப் பலகையில் லாக்கர் பல இடத்தில் தேய்ந்து, மரம் வெளியே தெரிந்து, அழுக்கேறிச் சாம்பல் பூத்திருந்தது. ஐஸ் பிளான்டில் எந்நேரமும் ஈரத்தில் கிடக்கிற கை. அதோடு அவனுக்கு உள்ளங்கை வியர்க்கும். "ஈரம் பட்டா சொரசொரங்குது. கல்யாணத்துக்கு முன்னாடி கிடைச்சாப் போதும்" என்றான். சாயா குடித்தான். போய்விட்டான். கிட்டாரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஐந்து நாள் அது என் வீட்டில் இருந்தது. சாயங்காலம் பட்டறையிலிருந்து வந்ததும் மடியில் வைத்துக்கொள்வேன். "அது அடுத்தவன் பெண்டாட்டி மாதிரி, ஞாபகம் இருக்கட்டும்" என்றாள் என் மனைவி. நான் சிரிக்கவில்லை. இரண்டு கிட்டாரையும் மாற்றி மாற்றி ஒரே வாசிப்பை வாசித்துப் பார்த்தேன். கம்பியை வெட்டி வெட்டித் தட்டுகிற இடத்தில் வெள்ளைதான் மேல். ஒவ்வொரு தட்டலும் தனித்தனியாக விழும். ஆனால் ஒரு சுரத்தை நீட்டி, கொஞ்சம் அழவிட்டு நிறுத்துகிற இடத்தில் அது மெலிந்துவிடும். ஈட்டி அங்கே நிற்கும். மாஷுக்கு லீட் என்றால் நீட்டிப் பாடுகிற சத்தம்தான் பிடிக்கும், எனக்குத் தெரியும். அதாவது நான் பயப்பட வேண்டிய அவசியமே இல்லை. என் காதே சொன்னது. காது சொல்வதைக் கேட்கிற நிலைமையில் நான் இல்லை.

இனிச் சொல்லப்போவதுதான் விஷயம். அந்தப் பலகைக்குப் போடவேண்டியது லாக்கர். பள்ளுருத்தியில் கார் பெயின்ட் அடிக்கிற இடத்தில் கொடுத்தால் ஸ்பிரே துப்பாக்கியால் அடித்துத் தருவார்கள். எனக்கு அங்கே பழக்கம் உண்டு. அரக்கு பாலிஷ் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் தண்ணீர் ஆகாது, சூடு ஆகாது. ஈரக்கை பட்டுக்கொண்டே இருந்தால் வெளுக்கும், இளகும். ஈரத் தம்ளர் வைத்த மேஜையில் வெள்ளை வளையம் விழுமே, அதுதான். இருபது வருஷமாக நான் செய்கிற வேலை, இது எனக்குத் தெரியாதா?

அரக்குதான் போட்டேன்.

பள்ளுருத்திக்குப் போக நேரமில்லை என்று நினைத்துக்கொண்டேன். லாக்கர் தடித்துவிட்டால் சத்தம் மழுங்கும் என்று நினைத்துக்கொண்டேன். எனக்குத் தெரிந்த வேலையைத்தானே கேட்டான் என்றும் நினைத்துக்கொண்டேன். பழைய அழுக்கைச் சுரண்டி, உப்புத்தாள் தேய்த்து, பன்னிரண்டு கை பூசினேன். மனசாரப் பூசினேன். அப்படி ஒரு பளபளப்பை நான் எந்தக் கட்டிலுக்கும் கொடுத்ததில்லை. வாங்க வந்தபோது அவன் விசில் அடித்தான். "சேட்டா, முகம் பாக்கலாம்போல இருக்கே." நான் தலையை ஆட்டினேன். 

கல்யாண வரவேற்பு ஒரு சர்ச்சின் பாரிஷ் ஹாலில், மத்தியானம் மூன்று மணிக்கு. மழை வரப்போகிறது, வரவில்லை, அந்த மாதிரிப் புழுக்கம். ஃபேன் எல்லாம் சாப்பாட்டு மேஜைப் பக்கம். மேடையில் எங்களுக்கு ஒரு காற்று கிடையாது. முதல் இரண்டு பாட்டு என் லீட். தப்பில்லாமல் வாசித்தேன், அவ்வளவுதான் சொல்லமுடியும். அவன் ரிதம் தட்டித் தட்டி அதற்குள் கை நனைந்திருந்தது. மூன்றாவது பாட்டு அவன் லீட். தொடக்க வாசிப்பில் விரலை மேலே இழுத்தான். வரவில்லை. கீச்சென்று ஒரு சத்தம். மறுபடி இழுத்தான். விரல் நின்று நின்று போனது. நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். பலகை வெளுத்து, பாலிஷ் அழுக்கு மாதிரி உருண்டு உருண்டு வந்தது. மாஷ் ஆர்மோனியத்தால் அந்த இடத்தை மூடினார்.

எனக்குச் சந்தோஷம் வந்ததா என்றால், வந்தது. ஒரு அரை நிமிஷம். அதற்குள் பாட்டு பல்லவியை முடித்துவிட்டது.

அவன் என் பக்கம் சாய்ந்தான். "சேட்டா, உங்களுதைத் தாங்க. சரணத்துக்கு முன்னாடி."

மேடையில் என்ன சொல்வது? கழற்றிக் கொடுத்தேன். அவனுடையதை வாங்கி மாட்டிக்கொண்டேன். தட்டல் வேலைக்கு விரல் வழுக்க வேண்டியதில்லை, ஒட்டினாலும் வாசிக்கலாம். வாசித்துக்கொண்டே என் ஈட்டிப் பலகையின் சத்தத்தை முதல்தடவையாக வெளியிலிருந்து கேட்டேன். எவ்வளவு கனம் அதற்கு. ஒரு சுரத்தைப் பிடித்து அப்படியே நிறுத்தினான், சாப்பிட்டுக்கொண்டிருந்த மேஜைகளில் பேச்சு குறைந்தது. ஏழாவது ஃபிரெட்டுக்கு வந்தான்.  தாவவில்லை. நேராக அதன்மேலேயே இறங்கினான். சுருதி சரியாக இருந்தது.

முடிந்ததும் ஹாலுக்குப் பின்னால் கட்லெட் தட்டோடு நின்றோம்.

"உங்க ஏழாவது கொஞ்சம் தள்ளி இருக்கு சேட்டா" என்றான். "விரலைச் சாய்ச்சு வச்சா சரியாயிடுது."

எத்தனை வருஷமாக நான் வயிற்றில் சுமந்த விஷயம். அவன் ஒரு பாட்டுக்குள் அதைக் கண்டுபிடித்து, சரிபண்ணி, கட்லெட் கடித்துக்கொண்டே சொல்லிவிட்டான்.

"அந்த மரம் வியர்வையைக் குடிக்குது. என் கைக்கு அதுதான் சரி" என்றான். பிறகு, குடை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்கிற மாதிரி, "மாத்திக்கலாமா?" என்றான்.

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். மாஷ் சத்தத்துக்குத்தான் இடம் கொடுப்பார் என்று எனக்குத் தெரியும். எந்தச் சத்தத்துக்கு என்றும் தெரியும். நீட்டிப் பேசுகிற மரம் என் கையில் இருக்கும்வரை லீட் இடம் என்னுடையது. ஆனால் மூன்று மாசமாக நான் ஆசைப்பட்ட வெள்ளைப் பலகை, கப்பலில் வந்தது, எனக்கு. அவன் கேட்டு முடிக்குமுன்னே சரி என்றேன்.

மறுநாளே அரக்கை முழுக்க ஸ்பிரிட்டால் துடைத்தெடுத்தேன். பள்ளுருத்திக்குக் கொண்டுபோய் லாக்கர் அடித்து வாங்கினேன். இப்போது நேரம் இருந்தது. பட்டு மாதிரி ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை சுக்கு குடோன் மாடியில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே வாசிப்பை ஒருவர் பின் ஒருவராக வாசித்தோம். மாஷ் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"எடோ," என்றார் என்னைப் பார்த்து, "இந்தச் சத்தம் தட்டலுக்குக் கத்தி மாதிரி இருக்கு. ரிதம் நீ பிடி. லீட் அவன் பாக்கட்டும்."

ஆம்ப்ளிஃபையர் பக்கம் இருந்த ஸ்டூல் லீட்காரனுடையது. எழுந்து அடுத்த ஸ்டூலுக்கு நகர்ந்தேன். அவன் "உக்காருங்க சேட்டா, எங்க உக்காந்தா என்ன?" என்றான். மாஷ் அவனை ஒரு பார்வை பார்த்தார். அவன் வந்து உட்கார்ந்தான்.

அந்த வாரம் முழுக்க மனைவியிடம் எரிந்து விழுந்தேன். "நீங்கதானே கொடுத்தீங்க? போய்க் கேளுங்க, தரமாட்டேன்னா சொல்லப்போறான்?" என்றாள். அவள் சொல்லுமுன்பே அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். எப்படிக் கேட்பது என்பதில்தான் நாலு நாள் போயிற்று. ஐந்தாம் நாள் பட்டறையில் சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தேன். வெள்ளைப் பலகையைப் பின்னால் கட்டிக்கொண்டேன், திருப்பிக் கொடுக்க. தோப்பும்படி ஜங்ஷன் தாண்டும்போது தூறல். என் சட்டையைக் கழற்றி அதன்மேல் போட்டேன்.

அவன் வீடு காயல் ஓரத்தில். வாசலில் குந்தி உட்கார்ந்து சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். உள்ளே சுவரில் ஆணியில் என் கிட்டார் தொங்கியது, மேலே ஒரு துணிகூட இல்லாமல். பக்கத்து ஆணியில் அவன் ஈரச் சட்டை.

பனியனோடு நனைந்து நின்ற என்னைப் பார்த்தான். கேரியரைப் பார்த்தான். "திரும்ப வேணுமா சேட்டா? எடுத்துக்குங்க. மாஷ்கிட்ட நான் சொல்லிக்கறேன்."

நாலு நாள் யோசித்து வைத்த வாக்கியம் ஒன்றும் தேவைப்படவில்லை. கையை நீட்டி எடுத்தால் போதும். எடுத்தால் லீட் திரும்ப வரும். ஆனால் அவன் செயினிலிருந்து கையை எடுக்காமலே சொன்னான். எனக்கு ஐந்து வருஷம் தூக்கம் கெடுத்த ஒன்று, அவனுக்கு அவ்வளவு லேசு. அவன் கொடுத்து நான் வாங்கின இடத்தில் உட்கார்ந்து வாசிக்க என்னால் முடியாது என்று அப்போது பட்டது. இதைப் பெருந்தன்மை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அவ்வளவும் எரிச்சல்.

"அதுக்கு வரல" என்றேன்.

"பின்னே?"

"அன்னிக்கு நான் போட்டது அரக்கு. லாக்கர் போட்டிருக்கணும். ஈரக்கைக்கு அது நிக்காது."

"அது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

அவன் செயினை விட்டுவிட்டு எழுந்தான். முகம் ஒரு கணம் மாறியது. அடித்தாலும் சரிதான் என்று நின்றேன். "எனக்குக் கைதான் கோளாறுன்னு நினைச்சேன்" என்றான். "ரெண்டு நாள் சோப்புப் போட்டுக் கழுவினேன்." எண்ணெய்க் கையைக் கைலியில் துடைத்தான். பிறகு அவன் அம்மா உள்ளேயிருந்து, "யாரு வந்திருக்கா? மோனே, கேறி உக்காரு, கப்பை வேகுது" என்றார். அவன் நகர்ந்து வழிவிட்டான்.

மரவள்ளிக் கப்பையும் மீன்கறியும் சாப்பிட்டோம். அவன் கை கழுவிவிட்டு என் கிட்டாரை ஆணியிலிருந்து எடுத்து மடியில் வைத்துப் பார்த்தான். வாங்கிப் பத்துப் பன்னிரண்டு நாளில், அவன் ஈரக்கை பட்டுப் பட்டு, பலகை எண்ணெய்ப்பசை போய் வெளிறியிருந்தது. அடுப்பு மேடையில் இருந்த தேங்காயெண்ணெய்க் குப்பியை எட்டி எடுத்தான். மூடியைத் திறந்து விரலில் கொஞ்சம் சாய்த்துக்கொண்டான்.

எனக்குத் தெரியும். தேங்காயெண்ணெய் துளைக்குள் போய் உட்கார்ந்து சிக்குப் பிடிக்கும், தூசி சேரும், இரண்டே மாசத்தில் கம்பிக்கடியில் எல்லாம் பிசுக்காகும். ஓணத்துக்கு இன்னும் மூன்று மாசம் இருந்தது. விரல் பலகைக்குக் கிட்டே வரும்வரை பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

"அது வேண்டாம்" என்றேன். "ஆளிவிதை எண்ணெய். ரெண்டே சொட்டு, மாசத்துக்கு ஒரு தடவை. தேய்ச்சுட்டு உடனே துடைச்சிடணும். பட்டறையில இருக்கு, ஞாயித்துக்கிழமை கொண்டுவர்றேன்."

அவன் விரலைத் தலையில் தடவிக்கொண்டான். "இது நிஜமா சேட்டா?"

"நிஜம்."

"சரி," என்றான், குப்பியை மூடிக்கொண்டே. "நீங்களே வந்து போட்டுடுங்க."

வெள்ளைப் பலகையைத் திரும்பக் கேரியரில் கட்டினேன். மழை விட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் கொண்டுபோனேன். அதற்குப் பிறகு எண்பத்தைந்து வரை, அவன் கல்ஃபுக்குப் போகும்வரை, மாசம் ஒரு தடவை நான்தான் போட்டேன். அவன் கிட்டாரை நீட்டிவிட்டுச் சாயா குடிக்கக் கீழே போவான். திரும்பி வந்து வாசிப்பான். நான் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து ரிதம் தட்டுவேன், ஜனங்கள் அவன் விரலைப் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டே.